பதினோராம் நம்பர் கண்ணாடி

கேமரா வாங்க வருகிறவர்கள்
முதலில் கேட்பது ஜூம்.
எண்ணூறு மடங்கு என்று பெட்டியில் போட்டிருக்கும்.
அதில் இருபதுதான் லென்ஸின் உழைப்பு.
மீதியெல்லாம் இருக்கிற படத்தை
இழுத்துப் பெரிதாக்கும் பித்தலாட்டம்
என்று நான் சொல்வதில்லை.
என் கமிஷன் எண்ணூறில்தான் இருக்கிறது.

மனாமாவில், பாப் அல் பஹ்ரைனுக்குப் பின்னால்
மூன்றாவது சந்தில் கடை.
சோதித்துப் பாருங்கள் என்று கையில் கொடுத்தால்
எல்லோரும் எடுப்பது ஒரே படம்:
கூட வந்தவன் இளிப்பு,
என் சட்டைப் பை, ஏசியின் வாய்,
அணைக்க மறந்து
தரை, தரை, யாரோ ஒருவரின் செருப்பு.
ராத்திரி ஷட்டர் இறக்கியபின்
டேப்பைப் பின்னால் ஓட்டி வைப்பேன்,
நாளைய செருப்புகளுக்கு இடம் வேண்டுமே.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து
நான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது
அருளப்பன் வந்தார்.
ஹித் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர்.
ஜூம் கேட்கவில்லை.
விலையும் கேட்கவில்லை.
கைக்குட்டையை மேசைமேல் வைத்து
மடிப்பு மடிப்பாக விரித்தார்.
உள்ளே தீப்பெட்டி அகலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி.

'பாய், இதை முன்னால வச்சா
எந்த கேமராவுக்குக் கண்ணு தெரியும்?'

பதினொரு வருடத்தில்
இப்படி ஒரு கேள்வியை நான் விற்றதில்லை.

புதிதாக வந்த நூற்று அறுபது தினார் மாடலை எடுத்தேன்.
கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்தார்.
கடையின் எட்டு டியூப்லைட்டும் செத்துப்போயின.
கேமரா தவித்தது.
முன்னே போய்ப் பின்னே வந்து
ஃபோகஸ் தேடித் தேடி
கடைசியில் கண்ணாடியில் ஒட்டியிருந்த
அவர் கைரேகையைப் பிடித்துக்கொண்டது.
கல்லாவிலிருந்து மொய்தீன் கோயா
புருவத்தால் சொன்னார்: அதையே கொடு.

'எல்லாத்தையும் தானே செஞ்சுக்கும்ணே' என்றேன்.
'அதான் பயமா இருக்கு' என்றார்.

ஷோகேஸில், வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்து
போன வருஷத்து மாடல் ஒன்று கிடந்தது.
பெட்டி இல்லை. மூடியில் கீறல்.
ஆனால் லென்ஸைச் சுற்றி
கையால் திருப்பும் வளையம் உண்டு,
வெளிச்சத்தை நாமே அடக்கும் சக்கரம் உண்டு.
எடுத்துத் தூசி தட்டினேன்.
கோயா என் பக்கம் பார்ப்பதை நிறுத்தினார்.

இருவரும் வாசலுக்கு வந்து
சந்தின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
அகப்பட்ட சூரியனுக்குக் கேமராவைத் தூக்கினோம்.
திரை முழுக்க இருட்டு.
நடுவில் பச்சையாக ஒரு காசு.
அவர் வளையத்தைத் திருப்பினார்,
காசுக்கு விளிம்பு வந்தது.

'எட்டு வருஷமா இவ்வளவுதான் பாக்குறேன்.
பத்த வச்சா பச்சைப் புள்ளி,
அணைச்சா கும்மிருட்டு.
வேலை செய்யும்போது அங்க என்ன நடக்குதுன்னு
பக்கத்துல நிக்கிற ஹெல்ப்பருக்குக் கூடத் தெரியும்,
எனக்குத் தெரியாது.'

தொண்ணூறு தினார். இரண்டு தவணை.
ஒரு டேப்பை நான் இனாமாகக் கொடுத்தேன்,
கோயாவுக்குத் தெரியாமல்.

மூன்றாவது வெள்ளி திரும்பி வந்தார்.
கடை டிவியில் வயரைச் செருகினோம்.
கப்பலின் அடித்தொட்டிக்குள்ளே ஹெல்ப்பர் எடுத்தது,
நாலு நிமிஷம்.
முதலில் ஹெல்ப்பரின் பூட்ஸ். (அவனும்தான்.)
பிறகு கண்ணாடி வைத்த இருட்டு,
அதில் இரும்பு உருகித் தேனாகத் திரண்டு
செதில் செதிலாகப் படிந்துகொண்டே போனது.
கூலிங் கிளாஸ் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவர்
வாயை மூடிக்கொண்டார்.

பாதியில் கண்ணாடி நழுவி விழுந்தது போல.
திரை வெள்ளையாக வெடித்து, அடங்கி,
சட்டென ஓர் ஆள்:
விலா எலும்பு மாதிரி கம்பிகளுக்கு நடுவே
முழங்காலை நெஞ்சில் மடக்கி
தலையைத் தோளுக்குள் செருகிக்கொண்டு.

அருளப்பன் இரும்பைப் பார்க்கவில்லை.
ரிமோட்டைக் கேட்டு வாங்கி
அந்த இடத்திலேயே நிறுத்தினார்.
'இவ்வளவா வளையுறேன்?'

நான் பதில் தேடுவதற்குள்
அவரே ஒரு கையால் இடுப்பைத் தடவிக்கொண்டு
'ஸ்டாண்டு என்ன விலை பாய்?
அந்தப் பயலுக்குக் கை நடுங்குது' என்றார்.